லட்சம், கோடிக்குக் காற்புள்ளி: #,##,##0 என்று கொடுத்தும் 12,345,678 என்றே வருவது ஏன்?

பற்றுவரவு:
எக்செல்லில் ஒரு நெடுவரிசை முழுக்க ரூபாய்த் தொகை. 12345678 என்பது 1,23,45,678 என்று தெரிய வேண்டும். கன்ட்ரோல்+1 அழுத்தி, நம்பர் பகுதியில் கஸ்டம் போய், #,##,##0 என்று கொடுத்தேன். 12,345,678 என்றுதான் வருகிறது. அதே ஃபைலை இன்னொரு கணினியில் திறந்தால் லட்சக் கணக்கில் ஒழுங்காகத் தெரிகிறது. தப்பு குறியீட்டிலா, கணினியிலா? கூடவே இன்னொன்று: பில்லின் அடியில் "மொத்தம் ரூ. இவ்வளவு" என்று ஒரே வரியாக ஃபார்முலாவில் வர வேண்டும். அங்கே எப்படி எழுதுவது?

நாற்பகுதி:
இரண்டிலும் தப்பில்லை. காற்புள்ளியின் வேலை நீங்கள் நினைப்பது அல்ல, அவ்வளவுதான்.

0, #, ? ஆகிய மூன்றும் இலக்கம் உட்காரும் இடங்கள். 0 என்றால் இலக்கம் இல்லாவிட்டாலும் பூஜ்யம் போட்டு நிரப்பும். # என்றால் இல்லாததை விட்டுவிடும். ? என்றால் அந்த அகலத்துக்கு வெற்றிடம் விடும். இவற்றுக்கு நடுவில் காற்புள்ளியை எங்கே வைத்தாலும் எக்செல் எடுத்துக்கொள்ளும் செய்தி ஒன்றுதான்: இலக்கங்களைத் தொகுத்துக் காட்டு. மூன்று மூன்றாகவா, மூன்றுக்குப் பிறகு இரண்டிரண்டாகவா என்பதைக் குறியீடு முடிவு செய்வதில்லை. விண்டோஸின் வட்டார அமைப்பு முடிவு செய்கிறது. அதனால்தான் #,##,##0 என்றாலும் #,##0 என்றாலும் ஒரே விடை. இன்னொரு கணினியில் சரியாகத் தெரிந்ததற்கும் அதுவே காரணம்; அங்கே விண்டோஸ் இந்திய முறையில் இருக்கிறது.

உங்கள் கணினியிலும் மாற்ற வேண்டுமென்றால் கன்ட்ரோல் பேனல், ரீஜன், அடிஷனல் செட்டிங்ஸ், அதில் டிஜிட் குரூப்பிங். 12,34,56,789 என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்து, எக்செல்லை மூடித் திறந்தால் போதும். ஆனால் இந்த அமைப்பு ஃபைலோடு போகாது. நீங்கள் அனுப்பும் ஆளின் கணினி எப்படியோ அப்படித்தான் அவருக்குத் தெரியும்.

எந்தக் கணினியிலும் லட்சக் கணக்காகவே தெரிய வேண்டுமானால் காற்புள்ளியைக் குறியீடாக இல்லாமல் வெறும் எழுத்தாகப் போட வேண்டும். பின்சாய்கோடு அதற்குத்தான்:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;#,##0

அரைப்புள்ளி பகுதிகளைப் பிரிக்கிறது. சதுர அடைப்புக்குள் இருப்பது நிபந்தனை. கோடியும் அதற்கு மேலும் முதல் பகுதிக்கு, லட்சமும் மேலும் இரண்டாவதற்கு, மிச்சமெல்லாம் மூன்றாவதற்கு.

கட்டம்நிரப்பி:
மூன்று பகுதி எதற்கு, ##\,##\,##\,##0 ஒன்றே போதாதா என்று அடுத்து கேட்பீர்கள். போதாது. பின்சாய்கோடு போட்ட காற்புள்ளி எழுத்தாகிவிட்டது. எண் சின்னதாக இருந்தாலும் அது மறையாது. 500 என்ற தொகை ,,,500 என்று நிற்கும். # மறையும், அதன் பக்கத்து எழுத்து மறையாது.

மறுபக்கத்தில், இலக்கங்கள் வலமிருந்து இடமாக நிரம்பிவந்து, மிஞ்சியதெல்லாம் இடது ஓரத்து ## இல் குவியும். 1234567890 என்பது 123,45,67,890 ஆகத் தெரியும். 123 கோடி என்று வாசிக்கிறவர்களுக்கு இதுவே சௌகரியம். 1,23,45,67,890 என்றுதான் வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் குறியீட்டில் இடமில்லை, ஏனென்றால் ஒரு குறியீட்டில் இரண்டு நிபந்தனைக்கு மேல் எழுத முடியாது.

பற்றுவரவு:
அருமை, வேலை செய்கிறது. ஆனால் பைசாவுக்காக மூன்று பகுதியிலும் கடைசியில் .00 சேர்த்தேன். ஒரு செல்லில் மட்டும் 100,000.00 என்று வருகிறது. 1,00,000.00 என்றல்லவா வர வேண்டும்? இன்னொன்று, கழித்தல் தொகைகள் -2,500,000 என்று பழைய முறையிலேயே நிற்கின்றன.

சில்லறை:
முதல் கேள்விக்கு: அந்தச் செல்லின் உண்மையான மதிப்பைப் பாருங்கள். 99999.996 போல ஏதோ இருக்கும். எந்தப் பகுதி என்று தேர்ந்தெடுப்பது முதலில், முழுமையாக்குவது பிறகு. 99999.996 லட்சத்துக்குக் குறைவு, ஆகவே மூன்றாம் பகுதிக்குப் போனது. போன பிறகு இரண்டு தசமத்துக்குச் சுருங்கி 100,000.00 ஆனது. கோடி எல்லையிலும் இதே கதை: 9999999.997 இரண்டாம் பகுதியில் மாட்டி 100,00,000.00 என்று நிற்கும்.

தீர்வு இரண்டு. நிபந்தனையையே அரைப் பைசா கீழே இறக்கலாம்:

[>=9999999.995]##\,##\,##\,##0.00;[>=99999.995]##\,##\,##0.00;#,##0.00

அல்லது தொகையைக் கணக்கிடும் ஃபார்முலாவிலேயே ரவுண்ட் போட்டு இரண்டு தசமத்தோடு நிறுத்தலாம். பணம் என்றால் இரண்டாவதுதான் யோக்கியமான வழி. வரி கணக்கிட்டு வந்த தொகையில் மூன்றாவது, நான்காவது தசமம் ஒளிந்திருந்தால், கண்ணுக்குத் தெரியும் வரிகளைக் கூட்டினால் வருவதும் சம் ஃபங்ஷன் காட்டுவதும் ஒரு பைசா வித்தியாசப்படும். குறியீடு எதையும் முழுமையாக்குவதில்லை, முழுமையாக்கியதுபோலக் காட்டுகிறது.

நாற்பகுதி:
கழித்தல் தொகைக்கு: -25 லட்சம் என்பது >=10000000 இல்லை, >=100000 உம் இல்லை. ஆகவே மூன்றாம் பகுதி. இரண்டு நிபந்தனையும் செலவாகிவிட்டதால் குறியீட்டுக்குள்ளேயே கழித்தலுக்குத் தனி இடம் கிடைக்காது. கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கைத் துணைக்குக் கூப்பிட வேண்டும்.

நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, ஹோம், கண்டிஷனல் ஃபார்மேட்டிங், நியூ ரூல். செல் மதிப்பு -10000000 அல்லது அதற்குக் குறைவு என்று முதல் விதி. அதன் ஃபார்மேட் பொத்தானில் நம்பர், கஸ்டம் போய்:

##\,##\,##\,##0;-##\,##\,##\,##0

செல் மதிப்பு -100000 அல்லது அதற்குக் குறைவு என்று இரண்டாவது விதி:

##\,##\,##0;-##\,##\,##0

கோடி விதி பட்டியலில் மேலே இருக்க வேண்டும். கோடியைத் தாண்டிய தொகை இரண்டு விதிக்கும் பொருந்தும். மேலே இருப்பதுதான் ஜெயிக்கும். இங்கே நிபந்தனை குறியீட்டுக்கு வெளியே போய்விட்டதால், அரைப்புள்ளிக்குப் பிந்தியது கழித்தல் எண்ணுக்கு என்ற பழைய விதி திரும்ப வந்துவிடுகிறது. அந்த இரண்டாம் பகுதியில் - குறியை நீங்களே எழுத வேண்டும் என்பதைக் கவனியுங்கள்.

சில்லறை:
அந்தக் கடைசி வாக்கியம் தனியாகச் சொல்லத் தக்கது. நிபந்தனை இல்லாத சாதாரணக் குறியீட்டில் நான்கு பகுதி: கூட்டல்; கழித்தல்; பூஜ்யம்; எழுத்து. ஒரே பகுதி எழுதினால் எல்லா எண்ணுக்கும் அது. இரண்டு எழுதினால் முதலாவது கூட்டலுக்கும் பூஜ்யத்துக்கும். இரண்டாம் பகுதி ஒன்று இருந்துவிட்டால் எக்செல் கழித்தல் குறியைத் தானாகப் போடாது. #,##0;[ரெட்]#,##0 என்று எழுதுகிறவர்கள் நிறைய. திரையில் சிவப்பாகத் தெரியும், திருப்தியாக இருக்கும். கறுப்பு வெள்ளைப் பிரிண்டரில் எடுத்தால் நஷ்டம் எல்லாம் லாபம். [ரெட்]-#,##0 என்று குறியையும் சேர்த்து எழுதுங்கள், அல்லது அடைப்புக்குறி போடுங்கள்.

(நிறத்தின் பெயர், ஃபங்ஷன் பெயர், செல் பெயர் எல்லாம் இந்த இழையில் தமிழில் எழுதுகிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்துதான்.)

பற்றுவரவு:
புரிந்தது. பில்லின் அடியில் வரும் அந்த ஒரே வரிக்கு, எண்ணை வடிவத்தோடு எழுத்தாக்கும் டெக்ஸ்ட் ஃபங்ஷனில் எப்படி எழுதுவது?

கட்டம்நிரப்பி:
அதே குறியீடு, மேற்கோளுக்குள்:

="மொத்தம் ரூ. "&டெக்ஸ்ட்(பி20,"[>=9999999.995]##\,##\,##\,##0.00;[>=99999.995]##\,##\,##0.00;#,##0.00")

டெக்ஸ்ட் இல்லாமல் &பி20 என்று மட்டும் ஒட்டினால் செல்லின் வடிவம் கூட வராது, உள்ளே இருக்கும் 12345678.5 அப்படியே வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டும்போது எடுபடுவது மதிப்பு, அலங்காரம் அல்ல.

கழித்தல் தொகையும் வரலாம் என்றால் குறியைப் பிரித்து வெளியே வைத்துவிடுங்கள்:

=இஃப்(பி20<0,"-","")&டெக்ஸ்ட்(ஏபிஎஸ்(பி20),"[>=9999999.995]##\,##\,##\,##0.00;[>=99999.995]##\,##\,##0.00;#,##0.00")

இதில் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் தேவையே இல்லை. கூகுள் ஷீட்ஸில் இருப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். அங்கே நிபந்தனைக் குறியீடு செல்லுபடியாகும், ஆனால் கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் நிறமும் தடிமனும்தான் மாற்றலாம், எண் வடிவத்தை மாற்ற வழியில்லை.

நாற்பகுதி:
ரூ. என்பதை வெளியே வைத்தது நல்லது. உள்ளே வைக்கிறவர்கள் மேற்கோள் இல்லாமல் ரூ. #,##0 என்று எழுதினால் அந்தப் புள்ளி தசமப்புள்ளியாகிவிடும். அதற்குப் பின்னால் வரும் இலக்கமெல்லாம் பைசாவாகப் பார்க்கப்படும். சரியான வடிவம் "ரூ. "#,##0.00. செல் வடிவத்தில் இப்படியே எழுதலாம். டெக்ஸ்டுக்குள் என்றால் மேற்கோளுக்குள் மேற்கோள் என்பதால் இரட்டிக்க வேண்டும்:

=டெக்ஸ்ட்(பி20,"""ரூ. ""#,##0.00")

தமிழ் எழுத்துக்குப் பின்சாய்கோடு போட்டுத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். பின்சாய்கோடு தனக்கு அடுத்த ஒரே ஒரு குறியை மட்டும்தான் காக்கும். 'கோ' நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு ககரமும் ஓகாரக் குறியும் சேர்ந்த இரண்டு. ஆகவே தமிழ்ச் சொல் என்றால் எப்போதும் மேற்கோள். ₹ குறிக்கு இந்தத் தொல்லை இல்லை. எக்செல் தானே எழுதும்போது [$₹-4009] என்று எழுதும். 4009 என்பது இந்திய ஆங்கிலத்தின் எண், இந்தியத் தமிழுக்கு 449. இந்த 449 தேதிக்கும் உதவும். [$-449] என்று முன்னால் வைத்து எம் எழுத்தை நான்கு முறை எழுதினால் மாதப் பெயர் தமிழில் வரும், டி நான்கு முறை என்றால் கிழமை.

வெள்ளைத்தாள்:
டெக்ஸ்டைப் பில்லின் அடியில் போடுவது சரி. நெடுவரிசை முழுக்க டெக்ஸ்டால் நிரப்பி வைக்கிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம். டெக்ஸ்ட் தருவது எழுத்து, எண் அல்ல. சம் அந்த வரம்பைக் கூட்டினால் 0 வரும், பிழைச் செய்தி எதுவும் வராது. வரிசைப்படுத்தினால் 1,00,000 முதலில், 20 பிறகு, 3,500 அதற்கும் பிறகு, அகராதி வரிசை. =சி2>500 என்று ஒப்பிட்டால் எந்தத் தொகையாக இருந்தாலும் உண்மை என்றே வரும், ஏனென்றால் எக்செல்லில் எழுத்து எப்போதும் எண்ணைவிடப் பெரியது.

அடையாளம் எளிது. செல்லில் தானாக இடப்பக்கம் ஒட்டி நின்றால் எழுத்து, வலப்பக்கம் என்றால் எண். சந்தேகமிருந்தால் இஸ்நம்பர். யாரோ அப்படி நிரப்பி அனுப்பிய தாளை மீட்க, காற்புள்ளியை நீக்கி எண்ணாக்குங்கள்:

=வேல்யூ(சப்ஸ்டிட்யூட்(சி2,",",""))

ரூ. என்று ஒட்டியிருந்தால் அதையும் இன்னொரு சப்ஸ்டிட்யூட்டால் முதலில் களைய வேண்டும்.

யாழ்மணி:
இலங்கையில் அறிக்கைகளுக்கு மில்லியன்தான். 0.00,, என்று முடிவில் இரண்டு காற்புள்ளி போட்டால் மில்லியன் வந்துவிடுகிறது, ஒன்று போட்டால் ஆயிரம். இதே மாதிரி லட்சத்துக்கு ஏதும் உண்டோ? இந்தியக் கிளைக்கு அனுப்பும் தாளில் லட்சத்தில் கேட்கிறார்கள்.

நாற்பகுதி:
இலக்கத்துக்கு நடுவே காற்புள்ளி தொகுக்கும், இலக்கமெல்லாம் முடிந்த பிறகு வரும் காற்புள்ளி ஒவ்வொன்றும் 1000 ஆல் வகுக்கும். லட்சம் 10 இன் 5 ஆம் அடுக்கு. ஆயிரத்தின் அடுக்காக அது வராது. ஆனால் ஒரு சுற்றுவழி இருக்கிறது:

0\.00,"லட்சம்"

12345678 ஐ ஒரு காற்புள்ளி ஆயிரத்தால் வகுத்து 12346 ஆக்குகிறது. குறியீட்டில் உள்ள புள்ளி பின்சாய்கோடு போட்ட வெறும் எழுத்து, ஆகவே கடைசி இரண்டு இலக்கத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்து 123.46 என்று தோன்ற வைக்கிறது. 123.46 லட்சம், சரியான விடை. 50000 என்றால் 50 ஆகி, முன்னால் உள்ள 0 இடத்தால் 0.50 என்று வரும். அதனால்தான் அங்கே # போடாமல் 0 போட வேண்டும்.

கோடிக்கு இதே தந்திரத்தில் தசமம் நம் விருப்பப்படி அமையாது. இரண்டு காற்புள்ளி என்றால் மிச்சம் ஓர் அடுக்கு: 0\.0,, என்று ஒரு தசமம். ஒரு காற்புள்ளி என்றால் மிச்சம் நான்கு: 0\.0000, என்று நான்கு தசமம். 12345678 முதலாவதில் 1.2, இரண்டாவதில் 1.2346. இரண்டு தசமக் கோடி இந்த வழியில் கிடையாது. எல்லாம் சேர்த்து:

[>=10000000]0\.0,,"கோடி";[>=100000]0\.00,"லட்சம்";#,##0

சொல்லுக்கு முன்னால் இடைவெளி வேண்டுமென்றால் மேற்கோளுக்குள்ளேயே முதலில் ஓர் இடைவெளி விடுங்கள்.

கட்டம்நிரப்பி:
இரண்டு தசமக் கோடியும் உண்டு, கொஞ்சம் குரங்கு வித்தை. ஒவ்வொரு % குறியும் 100 ஆல் பெருக்கும். மூன்று காற்புள்ளி 10 இன் 9 ஆம் அடுக்கால் வகுக்கும். ஆக 0.00,,,% என்றால் மொத்தத்தில் 7 அடுக்கு வகுத்தல், அதாவது கோடி. 0.00,,,%% என்றால் 5 அடுக்கு, அதாவது லட்சம். விடை சரி, ஆனால் % குறி கூடவே வந்து நிற்கும். % க்கு முன்னால் கன்ட்ரோல்+ஜே அடித்து அடுத்த வரிக்குத் தள்ளி, ராப் டெக்ஸ்ட் போட்டு, வரிசை உயரத்தைக் குறைத்து அதை மறைக்கிறார்கள்.

வெள்ளைத்தாள்:
யாராவது உயரத்தைக் கூட்டினால் 1.23 க்குக் கீழே % எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்த மேலாளருக்கு யார் விளக்குவது?

எனக்கு இந்த இரண்டு வித்தையும் வேண்டாம். புள்ளி வித்தைக்கும்தான் சொல்கிறேன். காரணம் அழகியல் இல்லை, சிஎஸ்வி, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல். எக்செல் சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது உள்ளே இருக்கும் மதிப்பை எழுதாது, திரையில் தெரிவதை எழுதும். 12345678 இருந்த செல்லில் 0\.00, போட்டிருந்தால் ஃபைலில் 123.46 என்று போகும். அதை வாங்கி இன்னொரு மென்பொருளில் ஏற்றுகிறவருக்கு அது நூற்று இருபத்து மூன்று ரூபாய் நாற்பத்தாறு காசு. லட்சம் என்ற சொல்லைச் சேர்த்திருந்தால் எண்ணாகவே ஏறாது. லட்சக் காற்புள்ளி போட்டிருந்தாலும் "1,23,45,678" என்று மேற்கோளோடு போகும், பல மென்பொருள்கள் தடுமாறும். 0.00 போட்ட செல்லில் மூன்றாவது தசமம் அங்கேயே காலி.

லட்சத்தில் வேண்டுமா, பக்கத்து நெடுவரிசையில் =பி2/100000 எழுதுங்கள். தலைப்பில் "ரூ. லட்சத்தில்" என்று போடுங்கள். முடிந்தது.

நாற்பகுதி:
சிஎஸ்வி விஷயத்தில் நூற்றுக்கு நூறு உடன்படுகிறேன். ஏற்றுமதிக்கு முன்னால் நெடுவரிசையை ஜெனரலுக்கு மாற்றிவிட்டுச் சேமிக்க வேண்டும். ஆனால் வரைபடத்தின் அச்சுக்கு என்ன செய்வீர்கள்? சார்ட்டில் பக்கவாட்டு எண்கள் 20000000, 40000000 என்று நீண்டு நிற்கும்போது, அச்சின் வடிவத்தில் 0\.0,,"கோடி" போட்டால் தரவைத் தொடாமலே 2.0கோடி, 4.0கோடி என்று வந்துவிடும். அங்கே இதைவிடச் சுத்தமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. அச்சு எண்கள் எந்த ஃபைலுக்கும் ஏற்றுமதியாவதில்லை.

வெள்ளைத்தாள்:
சார்ட் அச்சுக்குச் சரி. அங்கே மட்டும்.

பற்றுவரவு:
அக்கவுண்டிங் என்று தேர்ந்தெடுத்துவிட்டுக் கஸ்டமில் போய்ப் பார்த்தால் இப்படி ஒன்று இருக்கிறது. இது என்ன மொழி?

_(* #,##0.00_);_(* (#,##0.00);_(* "-"??_);_(@_)

சில்லறை:
அமெரிக்க அமைப்பில் எக்செல் வைத்திருக்கும் வடிவம். பயமுறுத்தும் தோற்றம்தான், உள்ளே நான்கு பகுதியும் அரைப்புள்ளியால் பிரிந்து ஒழுங்காக நிற்கின்றன.

அடிக்கோடு, தனக்கு அடுத்த குறியின் அகலத்துக்கு வெற்றிடம் விடும். _( என்றால் திறக்கும் அடைப்பு அளவுக்கு, _) என்றால் மூடும் அடைப்பு அளவுக்கு. கழித்தல் எண் (500.00) என்று அடைப்போடு வரும்போது அதன் மூடும் அடைப்பு வலது ஓரத்தில் ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறது. கூட்டல் எண்ணுக்கும் அதே அகலம் விட்டால்தான் இரண்டின் தசமப்புள்ளியும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். _) இருப்பது அதற்காக.

நட்சத்திரம், தனக்கு அடுத்த குறியைச் செல் நிரம்பும்வரை திரும்பத் திரும்பப் போடும். இங்கே அடுத்து இருப்பது இடைவெளி. நாணயக் குறி இருந்தால் அது இடது ஓரத்திலும் எண் வலது ஓரத்திலும் பிரிந்து நிற்பது இதனால்தான். காசோலை அச்சிடுகிறவர்கள் **#,##0.00 என்று எழுதுவார்கள். முதல் நட்சத்திரம் கட்டளை, இரண்டாவது நிரப்ப வேண்டிய குறி. தொகைக்கு முன்னால் முழுக்க நட்சத்திரமாகி, இடையில் யாரும் ஓர் இலக்கத்தைச் செருக முடியாது.

மூன்றாம் பகுதி பூஜ்யத்துக்கு: "-" போட்டு, ?? என்று இரண்டு தசம அகலத்தைக் காலியாக விடுகிறது. கோடு தசமப்புள்ளி இருக்கும் பக்கமாக வந்து நிற்கும், வலது ஓரத்தில் ஒட்டாது. நான்காவதில் @ என்பது எழுத்து. செல்லில் யாராவது சொல்லைத் தட்டினால் அது அப்படியே, ஆனால் அதே ஓர இடைவெளியோடு. @ ஐ விட்டுவிட்டு நான்காம் பகுதியை வெறுமையாக வைத்தால் தட்டிய சொல் கண்ணுக்குத் தெரியாது. மூன்று அரைப்புள்ளி மட்டும் ;;; என்று போட்டால் எதுவுமே தெரியாது, செல்லை மறைக்க அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். பாதுகாப்பு என்று நம்பிவிட வேண்டாம், ஃபார்முலா பட்டையில் எல்லாம் தெரியும்.

இவற்றை டெக்ஸ்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். அங்கே நிரப்புவதற்குச் செல் அகலம் என்று ஒன்று கிடையாது. அடிக்கோடு வெறும் ஓர் இடைவெளியாக மாறும்.

பற்றுவரவு:
அந்த வடிவத்தில் சில செல்களில் கோடு வராமல் (0.00) என்று வருகிறதே? கணக்கு நேராகிவிட்டது, மீதி பூஜ்யம்தான்.

சில்லறை:
பூஜ்யம் இல்லை, -0.0000001 போல ஒரு துளி மிச்சம். தசமங்களைக் கணினி இரும எண்ணாக வைத்திருப்பதால் கூட்டிக் கழிக்கும்போது இப்படி மிஞ்சும். மேலே சொன்னதுதான் இங்கேயும்: பகுதியைத் தேர்ந்தெடுப்பது உண்மை மதிப்பை வைத்து. கழித்தல் என்பதால் இரண்டாம் பகுதிக்குப் போய், அங்கே இரண்டு தசமத்துக்குச் சுருங்கி (0.00) ஆகிறது. =ரவுண்ட்(டி5-டி6,2) என்று மாற்றுங்கள், கோடு வந்துவிடும்.

யாழ்மணி:
ஜெர்மனியில் இருக்கும் ஒருவர் இதே தாளைத் திறந்தால் செல்லில் உள்ள எண்கள் சரியாக வருகின்றன, டெக்ஸ்ட் போட்ட வரி மட்டும் கோணலாக வருகிறது. எதனால்?

நாற்பகுதி:
செல்லின் வடிவத்தை ஃபைல் ஒரு பொதுவான முறையில் சேமித்து வைக்கிறது, திறக்கும் கணினியின் வட்டாரத்துக்கு ஏற்ப எக்செல் அதை மாற்றிக் காட்டும். டெக்ஸ்டுக்குள் இருப்பது உங்கள் மேற்கோளுக்குள் இருக்கும் ஒரு சரம். அதை யாரும் மொழிபெயர்க்க மாட்டார்கள். ஜெர்மனியில் தசமத்துக்குக் காற்புள்ளி, தொகுப்புக்குப் புள்ளி. உங்கள் "#,##0.00" அங்கே வேறு பொருளாக வாசிக்கப்படும். தேதியிலும் அப்படியே, ஆண்டுக்கு நாம் ஒய் எழுதும் இடத்தில் ஜெர்மன் எக்செல் ஜே எழுத்தை எதிர்பார்க்கும்.

வெளிநாட்டுக்குப் போகும் தாளில் சொல்லை ஒரு செல்லிலும் எண்ணைப் பக்கத்துச் செல்லிலும் வைத்தாலோ, எண்ணுக்கு "மொத்தம் ரூ. "#,##0.00 என்று செல் வடிவமே கொடுத்துவிட்டாலோ டெக்ஸ்டே வேண்டாம். கூட்டலுக்கும் அது எண்ணாகவே இருக்கும்.

கட்டம்நிரப்பி:
தேதி என்றதும் ஒன்று. எம் என்ற எழுத்து மாதத்துக்கும் நிமிடத்துக்கும் பொது. மணியைக் குறிக்கும் எச்சுக்கு அடுத்தோ, நொடியைக் குறிக்கும் எஸ்ஸுக்கு முன்போ வந்தால் நிமிடம். தனியாக நின்றால் மாதம். நேரம் இருக்கும் செல்லில் டெக்ஸ்ட்(ஏ2,"எம்எம்") என்று கேட்டால் 01 என்றே வந்துகொண்டிருக்கும், எக்செல்லின் நாட்கணக்கு ஜனவரியில் தொடங்குவதால். நிமிடம் வேண்டுமென்றால் மினிட் ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். வேலை நேரத்தைக் கூட்டி 26 மணி வர வேண்டிய இடத்தில் 02:00 வந்தால், எச்சைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள்: [எச்]:எம்எம். அப்போது 24 ஐத் தாண்டியும் எண்ணும்.

பற்றுவரவு:
கடைசியாக ஒன்று. ஜிஎஸ்டி நெடுவரிசையில் 18 என்று தட்டி வைத்திருக்கிறார்கள். % வடிவம் கொடுத்தால் 1800% ஆகிறது. அதோடு வங்கிக் கணக்கு எண்ணின் முன்பூஜ்யங்கள் மறைகின்றன.

சில்லறை:
% பெருக்கும் என்று மேலே வந்துவிட்டது. பெருக்காமல் குறியை மட்டும் ஒட்ட 0\% போதும். 18 என்பது 18% என்று தெரியும், உள்ளே 18 ஆகவே இருக்கும். ஆனால் அந்தச் செல்லை வைத்துக் கணக்கிடும் ஃபார்முலாவில் 100 ஆல் வகுக்க மறக்கக் கூடாது. அதைவிட, ஒரு காலிச் செல்லில் 100 தட்டி நகலெடுத்து, அந்த நெடுவரிசைமேல் பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ், டிவைட் இரண்டும் தேர்ந்தெடுத்து ஒட்டினால் எல்லாம் 0.18 ஆகிவிடும். பிறகு சாதாரண 0% வடிவம்.

கணக்கு எண்ணுக்கு 00000000000 என்று 11 பூஜ்யம் போட்டால் முன்பூஜ்யம் தெரியும். ஆனால் அதை நான் சொல்ல மாட்டேன். எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும், 16 ஆவது இலக்கம் 0 ஆகிவிடும். வங்கிக்கு வங்கி இலக்க எண்ணிக்கையும் வேறு. தட்டுவதற்கு முன்பே நெடுவரிசையை டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றுங்கள், அல்லது குறியீட்டில் @ மட்டும் போடுங்கள், இரண்டும் ஒன்றே. கணக்கு எண்ணை யாரும் கூட்டப்போவதில்லை. ஏற்கெனவே எண்ணாக ஏறியதற்கு @ போட்டால் போன பூஜ்யம் திரும்பாது. பக்கத்து நெடுவரிசையில் =டெக்ஸ்ட்(ஏ2,"00000000000") எழுதி, வந்ததை மதிப்பாக மட்டும் பழைய இடத்தில் ஒட்டுங்கள்.

வெள்ளைத்தாள்:
டெக்ஸ்ட் ஃபங்ஷனை ஒரு நெடுவரிசை முழுக்க நிரப்ப நான் சம்மதிக்கும் ஒரே இடம் அது.